வாசகர் கேள்வி – பதில்: கோப்பு அனுப்பும் சர்வரில் ரூட் கணக்கைத் திறந்துவிடலாமா?

கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் இருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருக்கின்றன. கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் எஃப்டிபி சர்வரில், ரூட் எனப்படும் நிர்வாகிக் கணக்கு உள்ளே நுழைய மறுக்கப்படுகிறது, அதைத் திறப்பது எப்படி என்பதே கேள்வி. தொழில் நடத்துபவர்களுக்கு உண்மையான இடையூறாக உள்ள செய்தி என்பதால் இந்த இதழின் பக்கம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ஐயா, போடியில் எங்களுக்கு ஏலக்காய் வணிகமும் வண்டன்மேட்டுக்கு அருகே சொந்த ஸ்டோரும் இருக்கின்றன. ஸ்டோரில் உலர்த்தித் தரம் பிரித்த காயின் எடைச்சீட்டு, லாட் வாரியான புகைப்படங்கள், ஏலத்துக்குப் போகும் மாதிரிகளின் பட்டியல் ஆகியவற்றை அங்குள்ள கணக்கர் மாலைதோறும் ஃபைல்ஸில்லா என்ற கோப்பு அனுப்பும் மென்பொருள் வழியாகப் போடி அலுவலகத்தின் லினக்ஸ் சர்வருக்கு அனுப்பிவந்தார். சர்வரில் இருப்பது விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருள். புதிய சர்வருக்கு மாறிய பிறகு கணக்கர் லாகின் செய்ய முடிகிறது. லாட் கோப்புறையில் கோப்பை வைக்கப் போனால் 553 என்ற எண்ணுடன் மறுப்பு வருகிறது. ரூட் கணக்கில் போனால் எல்லாம் நடக்கும் என்று நினைத்து முயன்றோம். கடவுச்சொல் சரியாக இருந்தும் 530 என்று வருகிறது. ரூட் கணக்கை அனுமதிக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. நீங்கள் வழி கேட்பது 530க்கு. சரிசெய்யப்பட வேண்டியது 553. ஆயினும் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். சர்வர் எதற்காக மறுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மறுப்பை நீக்கக் கூடாது.

லினக்ஸில் எஃப்டிபி சர்வரை நிறுவும்போதே, எந்தெந்தக் கணக்குகள் அதன் வழியாக உள்ளே வரக் கூடாது என்ற பட்டியலும் சேர்ந்து வந்துவிடுகிறது. எஃப்டிபியூசர்ஸ் என்ற பெயருள்ள அந்தக் கோப்பில் ரூட் கணக்கும், டீமன், பின், மெயில் போன்ற அமைப்புக் கணக்குகளும் எழுதப்பட்டிருக்கும். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் அது ஈடிசி (/etc) என்ற அமைப்புக் கோப்புறையிலேயே இருக்கும். ராக்கி, அல்மா போன்ற ரெட் ஹாட் வழியினவற்றில் ஈடிசிக்குள் விஎஸ்எஃப்டிபிடி என்ற உட்கோப்புறையில் இருக்கும். அங்கே யூசர்லிஸ்ட் என்ற இரண்டாவது பட்டியலும் உண்டு. இரண்டில் எது உங்களைத் தடுக்கிறது என்பதை ஃபைல்ஸில்லாவின் மேற்பகுதியில் ஓடும் செய்திகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பயனர் பெயரை அனுப்பிய மறுகணமே, கடவுச்சொல்லைக் கேட்காமல், ‘530 பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் தடுத்தது யூசர்லிஸ்ட். ‘331’ என்று தொடங்கும் வரியில் கடவுச்சொல்லைக் கேட்டு, அதைப் பெற்றுக்கொண்ட பிறகு ‘530 லாகின் இன்கரெக்ட்’ என்று வந்தால் தடுத்தது பெரும்பாலும் எஃப்டிபியூசர்ஸ். கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறு என்ற செய்தி வருவதால்தான் பலர் கடவுச்சொல்லையே மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ரூட்டைத் திறக்க வேண்டுமானால் இந்த இரண்டு பட்டியல்களிலும் உள்ள ரூட் என்ற வரியை நீக்க வேண்டும். விஎஸ்எஃப்டிபிடிக்குப் பதிலாக ப்ரோஎஃப்டிபிடி என்ற சர்வர் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதனுடன் அமைப்புக் கோப்பில் ரூட்லாகின் என்பதை ஆன் என்று எழுத வேண்டும். அது இயல்பில் ஆஃப் நிலையில் இருக்கும். ப்யூர்எஃப்டிபிடி என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில், இந்த எண்ணுக்குக் கீழுள்ள கணக்குகள் நுழையக் கூடாது என்று கொடுக்கப்பட்டிருக்கும் கீழ் வரம்பே ரூட்டைத் தடுக்கிறது. வழி இவ்வளவுதான். அந்த வழியில் போக வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வெளியானது. அதை எழுதிய அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றவர். இணையத்தின் முன்னோடியான அன்றைய ஆர்பாநெட்டில் இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே என்பதால், வழியில் ஒருவர் ஒட்டுக்கேட்பார் என்ற கவலை அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. இன்றும் அடிப்படையாக இருப்பது 1985 அக்டோபரில் வெளியான வடிவம். அதிலும் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல்தான் பயணிக்கிறது. ஐயம் இருந்தால், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியைச் சர்வரில், எஃப்டிபிக்கு உரிய இணைப்பு வாயிலான 21ஆம் போர்ட்டில் ஓடவிட்டு, கணக்கரை ஒருமுறை லாகின் செய்யச் சொல்லிப் பாருங்கள். ‘யூசர்’ என்ற சொல்லும் அவருடைய கணக்கின் பெயரும் ஒரு வரியில் வரும். அடுத்து சர்வரின் 331. அதற்கடுத்த வரியில் ‘பாஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவருடைய கடவுச்சொல் ஓர் எழுத்துக்கூட மாறாமல் திரையில் நிற்கும். வண்டன்மேட்டுக்கும் போடிக்கும் இடையில் அந்த வரி எத்தனை மோடம்கள், எத்தனை ரவுட்டர்கள், எத்தனை பேருடைய வைஃபை வழியாக வருகிறதோ, அத்தனை இடங்களிலும் அதைப் படிக்க முடியும். இந்தக் காரணத்தால்தான் யூசர்லிஸ்ட் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே மறுக்கிறது. எப்படியும் அனுமதிக்கப் போவதில்லை என்ற கணக்கின் கடவுச்சொல் கம்பியில் ஏறவே கூடாது என்பது அதை எழுதியவர்களின் எண்ணம்.

கடவுச்சொல்லைப் பிறர் படித்துவிடும் ஆபத்து எல்லாக் கணக்குகளுக்கும் பொது என்றாலும், ரூட் கணக்கு போனால் போவது வேறு. லினக்ஸில் ரூட்டின் பயனர் எண் 0. கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று நாம் போட்டுவைக்கும் அனுமதிகள் அந்த எண்ணைக் கட்டுப்படுத்துவதில்லை. கணக்கரின் கடவுச்சொல் திருடப்பட்டால் லாட் படங்கள் போகும். ரூட்டின் கடவுச்சொல் திருடப்பட்டால் கணக்கு வழக்கு, ஜிஎஸ்டி கோப்புகள், பேக்கப், மற்றவர்களின் கடவுச்சொல் பதிவுகள், சர்வரின் அமைப்பு அனைத்தும் போகும். மூட்டை இறக்க வருபவருக்குக் கிடங்கின் கதவைத் திறந்துவிடுவோமே தவிர பணப்பெட்டியின் சாவியைக் கொடுக்க மாட்டோம்.

இன்னொன்று, வெளியே அதிகம் பேசப்படாதது. 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க லினக்ஸில் சிறப்பு உரிமை தேவை. ஆகவே 21ஆம் போர்ட்டில் காத்திருக்கும் சர்வர் ரூட்டின் உரிமையோடு தொடங்குகிறது. ஒருவர் லாகின் செய்தவுடன் அந்த உரிமையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கணக்கின் உரிமைக்கு இறங்கிவிடுகிறது. விஎஸ்எஃப்டிபிடியை எழுதிய கிறிஸ் எவன்ஸ் இந்தப் பிரிவினையை மிகக் கவனமாகச் செய்திருக்கிறார். வெளியுலகத்தோடு பேசும் பகுதிக்கு இயன்றவரை உரிமையே இல்லாமல் வைத்திருப்பது அந்த மென்பொருளின் அடிப்படைக் கொள்கை. உள்ளே வருபவரே ரூட் என்றால் இறங்குவதற்குக் கீழ்ப்படி எதுவும் இல்லை. பயனரை ஒரு கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் க்ரூட் ஏற்பாடும் ரூட்டைக் கட்டிவைக்கப் போதாது. அந்த மென்பொருளை நம்பி நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தையே இந்த ஒரு வரி மாற்றம் கெடுத்துவிடும்.

நடைமுறையிலும் இது உதவாது. ரூட் வழியாக ஏற்றிய கோப்பு ரூட்டின் உடைமையாகிவிடும். மறுநாள் போடி அலுவலகத்தில் ஒருவர் அந்த எடைச்சீட்டைத் திருத்தப் போனால் அவருக்கு அனுமதி இருக்காது. அவரும் ரூட் கேட்பார். சில வாரங்களில் அலுவலகம் முழுவதும் ரூட்டிலேயே வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு லாட்டின் படம் காணாமல் போனால் லாக் பதிவில் ரூட் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். அழித்தவர் ஸ்டோர்க் கணக்கரா, போடியில் உள்ளவரா, வெளியாளா என்று சொல்ல முடியாது. எடையிலோ தரத்திலோ தகராறு வந்து, எந்தக் கோப்பு எப்போது யாரால் மாற்றப்பட்டது என்று காட்ட வேண்டிய நிலை வந்தால் உங்களிடம் சான்று இருக்காது.

இப்போது 553க்கு வருவோம். விஎஸ்எஃப்டிபிடியில் எழுதும் வசதியே அணைக்கப்பட்டிருந்தால் வரும் எண் 550. ‘553 குட் நாட் கிரியேட் ஃபைல்’ என்று வந்தால் எஃப்டிபி மென்பொருள் சம்மதித்துவிட்டது, கோப்புறையின் அனுமதிதான் இடம் தரவில்லை என்று பொருள். சர்வர் மாற்றிய பிறகு தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதால் காரணம் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கிறது. லினக்ஸ் ஒரு கோப்பின் உடைமையாளரைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, எண்ணால் வைக்கிறது. பழைய சர்வரில் கணக்கரின் எண் 1001 ஆகவும் புதியதில் 1003 ஆகவும் இருந்தால், பெயர் ஒன்றாகவே இருந்தும் கோப்புறை அவருடையது ஆகாது. அல்லது நகலெடுத்தவர் ரூட்டில் இருந்தபடி நகலெடுத்ததால் எல்லாமே ரூட்டின் உடைமையாக மாறியிருக்கலாம். எல்எஸ் கட்டளையை -எல்என் என்ற விருப்பத்தோடு கொடுத்தால் எண்களே தெரியும். ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

சரிசெய்வதற்கு, லாட் என்ற பெயரில் ஒரு குழுவை உருவாக்கி, ஸ்டோர்க் கணக்கரையும் போடி அலுவலகத்தில் அந்தக் கோப்புகளைத் தொடுபவர்களையும் அதில் சேருங்கள். லாட் கோப்புறையின் குழுவை அதற்கு மாற்றி, அனுமதியை 2775 என்று வையுங்கள். முன்னால் உள்ள 2 முக்கியமானது. அது இருந்தால் கோப்புறைக்குள் யார் புதிய கோப்பை வைத்தாலும் அது அதே குழுவுக்கு உரியதாகிவிடும். பழைய கோப்புகளையும் உட்கோப்புறைகளையும் அந்தக் குழுவுக்கு மாற்றிக் குழுவினர் எழுதும்படி செய்துவிடுங்கள். விஎஸ்எஃப்டிபிடியின் அமைப்பில், புதிய கோப்பில் எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் லோக்கல் யூமாஸ்க் 022 அல்லது 077 என்று இருந்தால் அதை 002 ஆக்குங்கள். இல்லையெனில் ஏற்றிய கோப்பைக் குழுவில் உள்ள மற்றவர் திருத்த முடியாது. அமைப்பை மாற்றியதும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். குழுவில் சேர்த்த பிறகு பயனர் வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் மாற்றம் அவருக்குப் பொருந்தும் என்பதை மறந்துவிட்டு, மாற்றம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ராக்கி, அல்மா போன்றவற்றில் இத்தனையும் சரியாக இருந்தும் 553 நீடித்தால் தடுப்பது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்காக இருக்கலாம். ஆடிட் லாகைப் பார்த்து, எஃப்டிபிக்கு உரிய அனுமதியை மட்டும் கொடுங்கள். எஸ்இலினக்ஸை முழுவதும் அணைத்துவிட வேண்டாம்.

கணக்கரை அவருடைய கோப்புறைக்குள் அடைத்துவைக்க விரும்பினால் ‘500 ஊப்ஸ்’ என்று தொடங்கும் பிழை வரக்கூடும். அடைக்கப்படும் முதற்கோப்புறையில் பயனருக்கே எழுதும் உரிமை இருந்தால் விஎஸ்எஃப்டிபிடி மறுத்துவிடும். முதற்கோப்புறையை எழுத முடியாததாக வைத்து, அதனுள்ளே லாட் கோப்புறையை எழுதக்கூடியதாக வைத்தால் சிக்கல் தீரும். அந்தச் சோதனையையே அணைத்துவிடும் ஓர் அமைப்பும் உண்டு; பல இடங்களில் முதலில் அதைத்தான் பரிந்துரைப்பார்கள். அது தேவையில்லை.

கடைசியாக, கணக்கரின் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகப் போகக் கூடாது. விஎஸ்எஃப்டிபிடியில், போகும் தகவலை மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எல் (இன்றைய வடிவம் டிஎல்எஸ்) வசதியை இயக்கி, லாகினுக்கும் கோப்புக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். ஃபைல்ஸில்லாவின் சைட் மேனேஜரில் என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் டிஎல்எஸ் கட்டாயம் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இருந்தால் பயன்படுத்து’ என்ற விருப்பத்தை விட்டுவைத்தால், டிஎல்எஸ் கிடைக்காத நாளில் அது எச்சரிக்கை மட்டும் காட்டி மறைப்பில்லாமலே போய்விடக்கூடும். அவசரத்தில் இருப்பவர் எச்சரிக்கையைப் படிப்பதில்லை.

கேள்வி: நாங்கள் எஃப்டிபியை விட்டு எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டோம். புனலூர், கொல்லம் வாடிக்கையாளர்கள் அச்சுக்கான கோப்புகளை அதில் அனுப்புகிறார்கள். எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. அப்படி இருக்க, நிர்வாகியான நான் மட்டும் ரூட் கணக்கில் நுழைவதில் என்ன தவறு? இரவு பேக்கப்புக்கு எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ரூட் தேவைதானே?
— அச்சக உரிமையாளர், செங்கோட்டை

பதில்: உங்கள் வாதத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எஸ்எஃப்டிபி என்பது, தொலைவிலிருந்து சர்வரில் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓடுவது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டபோது, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு உரிய 21க்கும் டெல்நெட்டுக்கு உரிய 23க்கும் நடுவில் 22 காலியாக இருந்ததால் அதைக் கேட்டுப் பெற்றார். ஆகவே வழியில் படிக்கப்படும் ஆபத்து உங்களுக்கு இல்லை என்பது சரி.

மீதமிருப்பது ஊகித்து நுழையும் ஆபத்து. 22ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கும் எந்த சர்வரின் லாகையும் ஒரு நாள் காலையில் திறந்து பாருங்கள். ரூட் என்ற பெயரில், வெவ்வேறு நாட்டு முகவரிகளிலிருந்து, தோல்வியடைந்த முயற்சிகள் வரிசையாக இருக்கும். தானியங்கி நிரல்கள் ரூட்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், எல்லா லினக்ஸ் கணினியிலும் அந்தப் பெயர் இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். பெயரை ஊகிக்க வேண்டியதில்லை, கடவுச்சொல் மட்டுமே பாக்கி. 2015 ஆகஸ்டில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0இல் இருந்து பெர்மிட்ரூட்லாகின் என்ற அமைப்பின் இயல்பு நிலையே, ரூட் கடவுச்சொல்லால் நுழைய முடியாது, சாவிக்கோப்பு இருந்தால் மட்டும் நுழையலாம் என்று மாற்றப்பட்டதும் இதனால்தான். உங்கள் சர்வரில் அது யெஸ் என்று இருந்தால், பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம். அதை நோ ஆக்கிவிட்டு, உங்கள் பெயரிலேயே ஒரு சாதாரணக் கணக்கில் சாவியோடு நுழைந்து, தேவைப்படும் கட்டளைக்கு மட்டும், ரூட் உரிமையைத் தற்காலிகமாகத் தரும் சுடோ பயன்படுத்துங்கள்.

பேக்கப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாருடைய கோப்புகளையும், உடைமை விவரம் மாறாமல், மனிதர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் படிக்க வேண்டிய வேலை அது. ரூட்டை வெளியிலிருந்து அனுமதிக்க எனக்குத் தெரிந்து நியாயமான காரணம் இது ஒன்றே. அதற்கென்றே பெர்மிட்ரூட்லாகினில் ஃபோர்ஸ்ட்-கமாண்ட்ஸ்-ஒன்லி என்ற நிலை இருக்கிறது. ரூட்டின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் பேக்கப் சாவிக்கு முன்னால், இந்தச் சாவியோடு வருபவருக்கு இந்தக் கட்டளை மட்டுமே ஓடும் என்று எழுதிவிட வேண்டும். அந்தச் சாவி இந்த ஒரு ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே செல்லும் என்றும் அதே வரியில் சேர்க்கலாம். சாவி திருடுபோனாலும் திருடியவர் வேறு இடத்திலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தினாலும் ஷெல், அதாவது விரும்பிய கட்டளைகளை ஓட்டும் இடம், கிடைக்காது. அந்தக் கட்டளை படிக்க மட்டுமே செய்வதாக இருக்கட்டும். எழுதவும் செய்யும் கட்டளையைக் கொடுத்தால் இவ்வளவு கவனமும் வீணாகும்.

வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு எஸ்எஃப்டிபி மட்டும், ஷெல் இல்லை என்று எஸ்எஸ்ஹெச் அமைப்பிலேயே கட்டுப்படுத்தலாம். அவர்களை அடைக்கும் முதற்கோப்புறை ரூட்டின் உடைமையாகவும் வேறு யாரும் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் அப்படியே. அதில் பிசகினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்துவிடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்துக் குறை சொல்வதற்கு முன் நீங்களே ஒருமுறை அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்துவிடுங்கள். அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரான எஸ்எஸ்ஹெச்டியை -டி (ஆங்கிலச் சிறிய t) விருப்பத்தோடு ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதிசெய்து, மறுதொடக்கம் செய்த பின் இன்னொரு ஜன்னலில் புதிய இணைப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே பழையதை மூட வேண்டும். சர்வர் வேறு ஊரில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கணினி மையத்தின் சர்வரை அமைத்துக்கொடுத்தவர் ரூட் வழியாகவே எஃப்டிபி வைத்துக்கொடுத்தார். அந்தக் கடவுச்சொல் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை கிளைகளில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இப்போது அவர் எங்களோடு இல்லை. இனி மாற்றினால் போதுமா, நடந்ததையும் பார்க்க வேண்டுமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுவது முதல் வேலை. ஆனால் மாற்றிவிட்டதாலேயே வெளியே உள்ளவரின் வழி அடைபட்டுவிட்டது என்று கொள்ளக் கூடாது. ரூட் உரிமை கையில் இருந்த ஒருவர் தனக்கென்று வேறு கதவுகளைத் திறந்துவைத்திருக்க முடியும். பாஸ்வேர்ட் கோப்பில் பயனர் எண் 0 கொண்ட இரண்டாவது கணக்கு ஏதேனும் இருக்கிறதா, ரூட் உட்பட ஒவ்வொரு கணக்கின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பிலும் உங்களுக்குத் தெரியாத சாவி இருக்கிறதா, நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் க்ரான் பட்டியலில் அடையாளம் தெரியாத வேலை ஓடுகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். லாஸ்ட் கட்டளையும் லாக் கோப்புறையில் உள்ள விஎஸ்எஃப்டிபிடி அல்லது எக்ஸ்ஃபர்லாக் கோப்பும், எந்த முகவரியிலிருந்து எப்போது நுழைவு நடந்தது என்று சொல்லும். கிளைகள் மூடியிருக்கும் நேரத்தில் நுழைவு இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வெளியாள் நுழைந்ததற்கான உறுதியான அறிகுறி தெரிந்தால் அந்த சர்வரைத் திருத்திக்கொண்டிருக்காமல், தரவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே நல்லது. லாக் கோப்புகளை அழிப்பதற்கு முன் நகலெடுத்துவையுங்கள். சைபர் ஊடுருவலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் நாள் வெளியான உத்தரவு சொல்கிறது.

கிளைகளில் உள்ள கணினிகளையும் விட்டுவிடாதீர்கள். ஃபைல்ஸில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காமல் கடவுச்சொல்லைச் சேமித்திருந்தால், அது சைட்மேனேஜர் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய வடிவில்தான் இருக்கும். பழைய கணினி ஒன்றை விற்றிருந்தால் அதனோடு ரூட்டின் கடவுச்சொல்லும் போயிருக்கக்கூடும். இனிமேல் கிளைக்கு ஒரு கணக்கு என்பதுகூடப் போதாது. ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய கணக்கை மட்டும் பூட்டினால் போதும், மற்றவர்களின் வேலை தடைப்படாது. முன்பு அமைத்துக்கொடுத்தவரைப் பற்றிச் சந்தேகம் கிளப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். பல பேரிடம் இருந்த கடவுச்சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் என்ற சர்வர் மென்பொருள் வழியாக எஃப்டிபி நடத்துகிறோம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை அதில் பயன்படுத்தலாமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். மேலே சொன்ன காரணங்கள் அனைத்தும் விண்டோஸுக்கும் பொருந்தும். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு. தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்தால் கணக்கு பூட்டப்படும் என்ற விதி, விண்டோஸோடு பிறக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு நெடுங்காலம் பொருந்தாமலே இருந்தது. 2022 அக்டோபர் அப்டேட்டில்தான் அதையும் பூட்டும் வசதி வந்தது. பழைய நிறுவலில் அதை நீங்களே இயக்க வேண்டும். எஃப்டிபி ஆதரைசேஷன் ரூல்ஸ் பகுதியில் எல்லாப் பயனர்களுக்கும் என்று உள்ள விதியை நீக்கிவிட்டு, கோப்பு அனுப்பும் கணக்குகளின் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எஸ்எஸ்எல் அமைப்பில் கட்டாயம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்பும் இணையத்துக்குத் திறந்திருந்தால், எஃப்டிபியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதை மூடுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியின் கேமராக்கள் படங்களை எஃப்டிபி வழியாக உள்ளே இருக்கும் லினக்ஸ் கணினிக்கு அனுப்புகின்றன. இணையத்தோடு தொடர்பே இல்லை. கேமராவில் டிஎல்எஸ் வசதியும் இல்லை. இங்கேயும் ரூட் கூடாதா? கேமராவுக்கென்று தனிக் கணக்கு போட்டுப் பார்த்தோம். அதற்கும் 530தான் வருகிறது.
— வாசகர், மூணாறு

பதில்: இங்கேயும் கூடாது. விடுதியின் வெளிச்சுவரில் தொங்கும் கேமராவைக் கழற்றி எடுத்துச் செல்ல ஏணி ஒன்று போதும்; அதனுள் இருக்கும் கடவுச்சொல்லும் கூடவே போகும். கேமராக்களையும் அந்தக் கணினியையும் விருந்தினர் வைஃபையிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். டிஎல்எஸ் இல்லாத எஃப்டிபியை அந்த எல்லைக்குள் ஏற்றுக்கொள்ளலாம்.

தனிக் கணக்குக்கு 530 வருவதற்குக் காரணம், பாதுகாப்புக்காக நீங்கள் அதற்கு, கட்டளைகளை ஓட்ட விடாத நோலாகின் ஷெல் கொடுத்திருப்பதாக இருக்கலாம். ஈடிசியில் உள்ள ஷெல்ஸ் கோப்பில் இடம்பெறாத ஷெல்லைக் கொண்ட கணக்கை விஎஸ்எஃப்டிபிடி பயன்படுத்தும் பாம் என்ற லாகின் சோதனை அனுமதிப்பதில்லை. நோலாகினின் முழுப் பாதையை அந்தக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் கணக்கு எஃப்டிபியில் நுழையும். ஷெல் அப்போதும் கிடைக்காது. யூசர் கான்ஃபிக் டிர் என்ற அமைப்பின் மூலம் இந்தக் கணக்குக்கு மட்டும் பதிவிறக்கத்தையும் பட்டியல் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள். கேமராவுக்குப் படத்தை வைக்க மட்டுமே தெரிந்தால் போதும். சில கேமரா மாடல்கள் படத்தை வைப்பதற்கு முன் பட்டியலைக் கேட்கும். அப்படிப்பட்டது என்றால் பட்டியல் தடையை மட்டும் எடுத்துவிட்டு, பதிவிறக்கத் தடையை அப்படியே விட்டுவையுங்கள்.